வியாழக்கிழமைத் துப்பாக்கி

கிட்ட வந்து உட்கார் தாயி. அந்த ஓரத்தில் உட்கார்ந்தால் ஃபேன் போடுகிற சத்தத்தில் நான் பேசுவது உனக்குக் கேட்காது, நீ பேசுவது எனக்குக் கேட்காது. டோக்கன் எத்தனை? நாற்பத்தி ஒன்றா? அப்படியானால் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான். என்ன, பட்டாசுக் கடை லைசென்ஸா? நல்லது. தீபாவளிக்கு முன்னால் கொடுத்துவிடுவார்கள். எந்தத் தீபாவளி என்று மட்டும் கேட்காதே.

எனக்கும் இதே செக்‌ஷன்தான். பட்டாசுக்கும் துப்பாக்கிக்கும் இந்தக் கலெக்டர் ஆபீசில் ஒரே மேஜை. ஆமாம், துப்பாக்கிதான். ஏன் நகர்கிறாய்? சுடுவதற்கு இல்லையம்மா. பேர் வெட்டுவதற்கு.

என் பேர் வீருசின்னம்மாள். ஊர் போடி. கடைவீதியில் அழகர்ராஜா பாத்திரக் கடை வாசலில் ஒரு முக்காலி போட்டு இருபத்தாறு வருஷமாகப் பேர் வெட்டுகிறேன். காதுகுத்து, கல்யாணம், வீடு பால்காய்ச்சு, எதுவானாலும் குடமோ சம்படமோ வாங்கினவர்கள் நேரே என்னிடம்தான் திரும்புவார்கள். மாமன் பேர், ஊர், தேதி, அன்பளிப்பு. நான் மூன்றாம் வகுப்பு. ஆனால் என் 'ழ'வைப் பார்த்துவிட்டு வாத்தியார்மாரே நின்று பார்ப்பார்கள். வெட்டச் சொன்னால் வெட்டுவேன். இவர்கள் கொடுக்கிற பாரத்தைப் படிக்கச் சொன்னால்தான் கண் இருட்டிக்கொண்டு வரும்.

புருஷன் போய்ப் பதினோரு வருஷம். மகள் திருப்பூரில். வாரம் ஒரு போன் போடுவாள். "சாப்ட்டியாம்மா?" "சாப்ட்டேன்." அதற்குள் அவளுக்கு ஷிப்டு மணி அடித்துவிடும். தனியாக இருப்பது எனக்கு ஒன்றும் பெரிசில்லை. பழகிவிட்டது. நான் சொல்ல வந்தது அது இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. சுபேதார் சீலமுத்து என்று ஒருத்தர் வந்தார். பட்டாளத்தில் இருந்து வந்தவர், மலைமேல் ஏலத்தோட்டம். எழுபது தாண்டியிருக்கும். ஆள் இரும்புக் கம்பி மாதிரி. தோட்டத்து ஜீப் வாராவாரம் வியாழக்கிழமை அரிசி பருப்பு வாங்க இறங்கும். அதில் வந்தவர், உறை போட்ட ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கியை என் முன்னால் எடுத்து வைத்தார்.

"எங்கப்பாரு துப்பாக்கிம்மா. பன்னி விரட்ட வச்சிருந்தது. அவரு பேர இதுல வெட்டணும். பொம்மையான்னு."

"சொம்புல வெட்டுறவகிட்ட வந்து துப்பாக்கிய நீட்டுறீங்களே ஐயா."

"சொம்பும் இரும்புதான், இதுவும் இரும்புதான்."

விசைக்கு மேலே இரண்டு பக்கமும் தகடு இருக்கிறது பார், உள்ளங்கை அகலம், அதில்தான் வெட்ட வேண்டும். மிஷின் வைத்துக் குத்தினால் புள்ளி புள்ளியாக நிற்கும், அசிங்கம். சின்ன உளியும் சுத்தியலும் எடுத்தேன். "நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். இரும்பு என்றால் அது இரும்பு. எவர்சில்வர் எல்லாம் அதன் முன்னால் வெண்ணெய்.

'பொ' வெட்டி முடிக்கவில்லை, ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார். தங்கச்சி வீட்டுப் பால்காய்ச்சுக்கு ஒரு அண்டா வாங்கி, அதில் பேர் வெட்ட வந்தவர். அண்டா ஒரு கையில், என் மடியில் துப்பாக்கி. அவர் கண்ணைப் பார்க்க வேண்டுமே.

"யாரு துப்பாக்கி இது?"

"சுபேதார் ஐயாவோடது. மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போயிருக்காரு."

"உனக்கு லைசென்சு இருக்கா?"

"பேரு வெட்டவா?"

அவ்வளவுதான். அறுபத்தோரு வயசில் என்னை ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்தினார்கள் தாயி. உட்காரக்கூடச் சொல்லவில்லை. சுபேதார் சோற்றுக் கையைக் கழுவாமல் ஓடி வந்தார். அந்த இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. வழக்குப் போடாமல் விதியைச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "இந்தாம்மா, அவர் கைய துப்பாக்கி மேல வச்சுக்கிட்டுப் பக்கத்துல இருந்தார்னா அது அவர் வசம். நீ வெறும் கைவேலைக்காரி. அவர் அத விட்டுட்டு எந்திரிச்சுப் போனார்னா அது உன் வசம். உன் வசம் இருக்கணும்னா நீ துப்பாக்கி வேலைக்கு லைசென்சு வாங்கணும். புரியுதா?"

"ஒரு டீ குடிச்சிட்டு வர்ற நேரத்துக்குமா சார்?"

"வெத்தல போடுற நேரத்துக்கும்தான்."

அன்றைக்கு ஸ்டேஷன் படி இறங்கும்போதே சபதம் போட்டேன். அந்த லைசென்ஸை வாங்கி, கண்ணாடி போட்டு, கடை வாசலில் என் தலைக்கு மேலே மாட்டாமல் விடுவதில்லை. என்னை நிற்கவைத்த அந்தப் போலீஸ்காரர் அடுத்த அண்டாவைக் கொண்டு வரும்போது அண்ணாந்து பார்க்க வேண்டும். இதற்குத்தான் தாயி இரண்டு வருஷமாக நடக்கிறேன்.

லைசென்ஸ் வரும்வரைக்கும் என்ன செய்வது? அடுத்த வியாழக்கிழமை சுபேதார் மறுபடி வந்தார். அழகர்ராஜா கடைக்குப் பின்னால் சரக்கு அறையை ஒழித்துக் கொடுத்தார். நான் ஒரு ஸ்டூல், அவர் ஒரு ஸ்டூல். இரண்டு பேர் முழங்காலுக்கும் குறுக்கே துப்பாக்கி. கட்டை அவர் மடியில், தகடு என் பக்கம். சட்டப்படி ஒரு கை அதன் மேலேயே இருக்கும். கொசு கடித்தால் மற்றக் கையால் அடிப்பார். ஒண்ணுக்குப் போனால்கூடத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் போவார். அப்படி ஒரு ஒழுங்கு அந்த மனுஷனுக்கு.

பேர் மூன்றே வாரத்தில் முடிந்தது. நான் அத்தோடு விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் துடைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறார், "பேரு மொட்டையா நிக்குதும்மா. பக்கத்துல ஒரு ஏல இலை இருந்தா நல்லாருக்கும்."

சரி என்று ஓர் இலை வெட்டினேன். அடுத்த வாரம், "இந்தப் பக்கம் ஒண்ணு இருக்கு, அந்தப் பக்கம் இல்லையே." அதற்கடுத்த வாரம் இலைக்கு நடுவில் நரம்பு வேண்டும். அப்புறம் கொடி. அப்புறம் காய். ஒரு துப்பாக்கியில் எவ்வளவு இடம்தான் இருக்கும் சொல்? தகடு நிறைந்ததும் திருகாணித் தலைக்கு வந்தார். அவர் என்னத்துக்கு இப்படி இழுக்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை. பணக்கார ஆசை என்று விட்டுவிட்டேன்.

அழகர்ராஜா எட்டிப் பார்த்துச் சிரிப்பார். "என்னக்கா, இது துப்பாக்கியா தோட்டமா? இப்பிடியே போனா சுட்டா பூதான் விழும்."

"நீ போய் யாவாரத்தப் பாரு தம்பி. உன் கடையில பாத்திரந்தான் சத்தம் போடணும், நீ இல்ல."

ஓர் இலை எனக்கு அரைமணி நேர வேலை. ஆனால் அவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார், அதில் சாயங்காலம் நாலு மணி, ஜீப் திரும்புகிற நேரம் ஆகிவிடும். லடாக்குப் பனியில் கூடாரத்துக்குள் முட்டை கல்லாகிப் போனதாம். அதை மண்வெட்டிப் பிடியால் உடைத்தார்களாம். அந்தக் கதையை மட்டும் பதினோரு தடவை சொன்னார். பதினோராவது தடவை அவர் மறந்த இடத்தை நான் எடுத்துக் கொடுத்தேன். "சுத்தியல் இல்ல ஐயா, மண்வெட்டிப் பிடின்னீங்க." அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பில் மேலே அடுக்கியிருந்த தூக்குச்சட்டி எல்லாம் கிணுகிணுத்தது. வீட்டில் பெண்டாட்டி போய்விட்டாளாம், மகன் பெங்களூரில். அதையெல்லாம் அவர் சொல்ல மாட்டார். தோட்டத்து நாய் எத்தனை குட்டி போட்டது என்று சொல்வார்.

நானும் புதன்கிழமையே உளியைத் தீட்டி வைத்துவிடுவேன். தொழில் என்றால் சுத்தமாக இருக்க வேண்டும், வேறு ஒன்றும் இல்லை. ஒரு ஐப்பசி மழையில் இரண்டு வியாழக்கிழமை அவர் வரவில்லை. அந்த இரண்டாவது வியாழன் நான் ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது. சும்மா, காற்றாட. டிரைவர் பயல் என்னைப் பார்த்துவிட்டு, "சுபேதாருக்குக் காய்ச்சல் பாட்டி" என்றான். "நான் கேட்டேனாடா?" என்று வந்துவிட்டேன்.

இதற்கிடையில் ஊருக்குள் விஷயம் பரவி, மற்றத் தோட்டக்காரர்களும் வந்தார்கள். எல்லாருக்கும் தாத்தா பேர் வெட்ட வேண்டும். "விட்டுட்டுப் போறோம், நாளைக்கு வாங்கிக்கிறோம்" என்பார்கள். விட்டுட்டுப் போகக்கூடாது, பக்கத்தில் உட்கார வேண்டும் என்றால் ஆள் காணாமல் போய்விடுவான். யாருக்கு நேரம் இருக்கிறது? அஞ்சு பேரைத் திருப்பி அனுப்பினேன். அப்போது எனக்கு வெறி ஏறியது. அந்தக் காகிதம் மட்டும் என் கையில் இருந்தால்!

பாரத்தை நிரப்ப ஆள் வேண்டுமே? படித்தவர், பட்டாளத்து ஆள், பக்கத்திலேயே இருக்கிறார். அவரிடம்தான் கொடுத்தேன். பதிமூன்று பக்கம். மடியில் துப்பாக்கி, அதன் மேல் பாரம், முத்து முத்தாக எழுதினார். நான் சந்தோஷத்தில் சொன்னேன், "லைசென்சு மட்டும் வரட்டும் ஐயா. நீங்க இப்பிடி வாராவாரம் கால் மரத்துப்போய் உட்கார வேணாம். துப்பாக்கிய எங்கிட்டக் குடுத்துட்டு வீட்டுல நிம்மதியா இருக்கலாம்."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். "ஆமா, நிம்மதியா இருக்கலாம்" என்றார். மறுபடி எழுதினார்.

அந்தப் பாரம் திரும்பி வந்தது தாயி. ஏன் தெரியுமா? என் அப்பா பேர் எழுத வேண்டிய இடத்தில் அவருடைய அப்பா பேரை எழுதி வைத்திருக்கிறார்! பொம்மையா என்று! வெட்டி வெட்டி எனக்கே அந்தப் பேர் பழகிப்போனது, அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? சரி, மறுபடி எழுதினார். மூன்று மாசம் கழித்து அதுவும் திரும்பி வந்தது. கடைக் கதவு எண்ணில் ஒரு எழுத்து விட்டுப்போச்சாம். மூன்றாவது தடவை போட்டோவை ஒட்டினார், என் கையெழுத்தை அதன் மேல் போடச் சொல்லவில்லை. அதுவும் வந்துவிட்டது.

நாலாவதுதான் கொடுமை. கடை எங்கே இருக்கிறது, சுற்றி என்ன இருக்கிறது என்று ஒரு படம் போட வேண்டும். இந்த மனுஷன் பட்டாளத்தில் புதுப் பையன்களுக்கு மேப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர். படத்தில் வடக்கைத் தெற்கே போட்டிருக்கிறார்! போடி மலை என் கடைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது, படத்தில் அந்தப் பக்கம் நிற்கிறது. மலையைத் தூக்கி மாற்றி வைத்துவிட்டார்.

இங்கே மாசிலாமணி என்று ஒரு கிளார்க்கு இருக்கிறார், கண்ணாடி போட்டவர், அதோ அந்த மேஜை. அவர் தலையில் அடித்துக்கொண்டார். "யாரும்மா உனக்கு எழுதித் தர்றது? எழுத்து அச்சு மாதிரி இருக்கு, விஷயந்தான் கோணலா இருக்கு. தாலுகா ஆபீஸ் வாசல்ல எழுதறவன் இருக்கான்ல, அவன்ட்டப் போயேன்."

"அதெல்லாம் எங்க சுபேதார் எழுதுவாரு சார். வயசாச்சு, அதான்."

விட்டுக் கொடுக்க முடியுமா? முகம் தெரியாத ஒருத்தனிடம் போய் எழுதி வாங்குவதற்கு, தெரிந்த மனுஷர் நாலு தடவை தப்பாக எழுதினால்தான் என்ன? ஆனால் உனக்கு மட்டும் சொல்கிறேன், உள்ளுக்குள் எனக்கு ஆத்திரம்தான். லைசென்ஸ் கேட்பவர் துப்பாக்கி வைக்க இரும்பு அலமாரி வாங்கிச் சுவரோடு முடுக்க வேண்டும் என்று விதி. வாங்கி முடுக்கினேன். இரண்டு வருஷமாக அதில் புளிச் சம்படம் உட்கார்ந்திருக்கிறது, பூட்டுப் போட்டு.

அஞ்சாவது பாரம்தான் பாஸாகியிருக்கிறது. அதற்குத்தான் இன்றைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஆபீசர் கையெழுத்துக்குக் காத்திருக்கிறேன். காலையில் போனதும் மாசிலாமணி என்ன சொன்னார் தெரியுமா? "ஏம்மா, இந்தத் தடவ எழுதினது யாரு? பதிமூணு பக்கத்துலயும் ஒரு புள்ளி தப்பு இல்ல. இருபது வருஷ சர்வீஸ்ல இப்பிடி ஒரு பாரம் நான் பார்க்கல. படத்த மட்டும் ஆபீசர் தனியா எடுத்துப் பார்த்தாரு."

"அதே ஆளுதான் சார்" என்றேன்.

அவர் நம்பவில்லை. எனக்கே ஆத்திரமாகத்தான் இருந்தது. இவ்வளவு ஒழுங்காக எழுதத் தெரிந்த மனுஷன் முதல் தடவையே எழுதியிருந்தால் என்ன? இரண்டு வருஷம் அவரும் உட்கார வேண்டாம், நானும் அலைய வேண்டாம். அஞ்சு தோட்டக்காரன் போனது போனதுதானே?

எப்போது எழுதினார் என்றா கேட்கிறாய்? ஆறு வாரம் ஆகிறது. சொல்கிறேன், இரு, நம்பர் இன்னும் முப்பதிலேயே நிற்கிறது.

அன்றைக்கும் வியாழக்கிழமை. ஆனால் ஜீப்பில் வரவில்லை. பெங்களூர் மகன் காரில் கொண்டுவந்து கடை வாசலில் இறக்கினான். தோட்டத்தை விற்றாகிவிட்டதாம். அப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போகிறானாம். நல்ல பையன், "அப்பா, அஞ்சு நிமிஷம்ப்பா" என்று மரியாதையாகத்தான் சொன்னான்.

சுபேதார் உள்ளே வந்து அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். வெறுங்கையோடு.

"துப்பாக்கி எங்க ஐயா?"

"ஸ்டேஷன்ல ஒப்படைச்சாச்சு. அங்க பன்னியா விரட்டப் போறேன்?"

"அப்ப எதுக்கு வந்தீங்க? துப்பாக்கி இல்லாம எத வெட்டுறது?" கேட்பேனா இல்லையா? நான் பாட்டுக்கு உளியைத் தீட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.

கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை அவருக்கு. முழங்காலில் வைத்தார், எடுத்தார், ஸ்டூல் விளிம்பைப் பிடித்தார். இத்தனை நாள் அந்தக் கைக்கு ஒரு வேலை இருந்தது பார். அப்புறம், "புதுப் பாரம் வாங்கி வச்சிருக்கேல்ல? எடு" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். மடியில் துப்பாக்கி இல்லை என்பதால் ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் வைத்து எழுதினார். தாயி, கண்ணாடிகூடப் போடவில்லை. ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. என் அப்பா பேரை, என்னைக் கேட்காமலே, 'காமாட்சி நாயக்கர்' என்று எழுதினார். கதவு எண்ணை அந்த எழுத்தோடு சேர்த்து எழுதினார். போட்டோவை ஒட்டி, என் விரலைப் பிடித்து இன்ன இடத்தில் கையெழுத்துப் போடு என்று காட்டினார். அப்புறம் படம். கடை, கடைக்கு எதிரில் தண்ணித் தொட்டி, ஜீப் ஸ்டாண்டு, போலீஸ் ஸ்டேஷன், மலை. சரக்கு அறையைக்கூடக் கட்டம் கட்டி, உள்ளே இரண்டு ஸ்டூலுக்கு இரண்டு சின்ன வட்டம் போட்டார். அது பாரத்தில் கேட்கவில்லை. கடைசியில் வடக்கே ஓர் அம்பு.

வெளியில் கார் ஹாரன் அடித்தது. மகன் அவசரப்படவில்லை, பின்னால் ஒரு லாரி வழி கேட்டது.

"நல்லாப் பாத்துட்டீங்களா ஐயா? எங்கயாச்சும் எதாச்சும் விட்டிருப்பீங்க. நீங்க எப்பவும் விடுவீங்க" என்றேன்.

"இல்லம்மா. இந்தத் தடவ திரும்பி வராது."

எழுந்து பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். பாரத்தை என் கையில் கொடுத்தார். வாசல் வரைக்கும் போனார். அழகர்ராஜா கும்பிட்டார், அவரும் கும்பிட்டார். அப்புறம் என்ன நினைத்தாரோ, விறுவிறு என்று திரும்பி உள்ளே வந்து, "குடு அத" என்று பாரத்தைக் கையிலிருந்து வாங்கினார். படம் இருக்கிற பக்கத்தைத் திருப்பித் தாம்பாளத்தின் மேல் விரித்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

எனக்குத் தெரியுமே என்று நினைத்துக்கொண்டேன். "தப்பு இருக்கா ஐயா?"

அந்த வடக்கு அம்புக்கு மேலே பேனாவைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஹாரன் மறுபடி அடித்தது. நிற்கிறார், நிற்கிறார், பேனா நுனி காகிதத்தில் படவே இல்லை. அப்புறம் மூடியைப் போட்டு, பாரத்தை மூடி, உள்ளங்கையால் ஒரு சுருக்கம் இல்லாமல் நீவி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்க் காரில் ஏறினார்.